கீழே இருக்கும் இரண்டு கம்பிகள்

கிட்டார் வாங்கிய அன்று நான் கடையில் இருந்த கண்ணாடி அறைக்குள் போகவில்லை. உள்ளே ஏ.சி. ஓடியது, மூன்று பேர் நிற்கத்தான் இடம். என் மகள் கலைமதி, அவளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ரெஜிஸ் மாஸ்டர், கடையில் வேலை பார்க்கும் ஜாஸ்லின் என்ற பெண், மூன்று பேரும் உள்ளே போனார்கள். என் சட்டையில் பட்டறை எண்ணெய் வேறு. நான் வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கலைமதி ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு கிட்டாராக எடுத்து வாசித்தாள். முதல் மூன்றுக்கும் மாஸ்டர் சும்மா தலையை ஆட்டினார். நாலாவதை எடுத்தபோது ஆட்டுவதை நிறுத்திவிட்டார். ஜாஸ்லின் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த போனைக் கீழே வைத்தாள். கலைமதி நிமிர்ந்து கண்ணாடிக்கு வெளியே என்னைத் தேடினாள். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்றுகூட அவள் முகம் அப்படி இருந்ததில்லை.

அந்த மூன்று முகத்தையும் பார்த்துத்தான் நான் வாங்கினேன். அந்தக் கடையிலேயே அதைவிட விலை கூடியது ஒன்றிரண்டுதான் இருந்திருக்கும். தீபாவளி போனஸ் போனது, போட்டிருந்த சீட்டும் போனது. என் மனைவி செல்லக்கிளிக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்த தோடு அடுத்த வருஷத்துக்குப் போனது. "தோடு எங்க ஓடிடப் போகுது, பிள்ளைக்கு வாங்குங்க" என்று அவள்தான் சொன்னாள்.

அவ்வளவு விலையில் வாங்க எனக்கு ஒரு காரணம் இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

கலைமதி இரண்டு வருஷமாகக் கிட்டார் கற்றுக்கொள்கிறாள். கல்லூரியில் சேர்ந்த புதிதில் கூடப் படிக்கிற ஒருத்தியோடு பாலக்கரையில் இருக்கும் ரெஜிஸ் மாஸ்டர் வீட்டுக்குச் சும்மா போனவள், அப்படியே ஒட்டிக்கொண்டாள். மாஸ்டர் தன்னிடம் கிடந்த பழைய கிட்டார் ஒன்றை, வீட்டில் வைத்துப் பழகு என்று கொடுத்திருந்தார். ஸ்ரீரங்கம் மூலத்தோப்பில் எங்கள் வீடு. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. சாயங்காலம் அவள் வாசிக்க ஆரம்பித்தால் பக்கத்து வீட்டு வேணியக்கா கொடியில் துணியை அப்படியே போட்டுவிட்டு வாசலில் வந்து நிற்பார். "ஏண்டி இப்படி அழ வைக்கிற" என்பார். செல்லக்கிளி காய் நறுக்குகிற கையை நிறுத்திவிடுவாள்.

நானும் எதிரே உட்கார்ந்திருப்பேன். எனக்கு அது யாரோ தீப்பெட்டியைத் தட்டுவதுபோல இருக்கும். டொக், டொக். அவள் விரல் கீழே போய்ச் சின்னக் கம்பிகளைத் தொடும்போது அந்த டொக்கும் இல்லை. பழைய சாமான், இவ்வளவுதான் வரும் என்று நினைத்துக்கொண்டேன். வேணியக்காவும் செல்லக்கிளியும் பிள்ளை மேல் உள்ள ஆசையில் கூட்டிச் சொல்கிறார்கள் என்றும் நினைத்தேன்.

எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவள் கலைமதி. அவள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது என் விரலைப் பிடித்துச் சிலேட்டில் இழுத்து, "இப்படிச் சுழிக்கணும்ப்பா, இப்படி" என்று அதட்டி அதட்டிச் சொல்லிக்கொடுத்தாள். பஸ் போர்டு படிக்கிறேன், பேப்பர் படிக்கிறேன், இப்போது இதை எழுதுகிறேன் என்றால் அவளால்தான். அந்தப் பிள்ளை ஒன்றை இவ்வளவு ஆசையாகக் கற்றுக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்து வாசிக்கிறாள். அதை ஒருதடவையாவது நான் ஒழுங்காகக் கேட்டுவிட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

ஒருநாள் மாஸ்டரிடம் கேட்டேன். "நல்ல கிட்டாரா வாங்கினா சத்தம் நல்லா வருமாங்க?"

"என்னண்ணே இப்படிக் கேட்டுட்டீங்க! நல்ல மரம்னா பேசும்ண்ணே. வீட்டுல வச்சு வாசிக்கட்டும், வித்தியாசம் உங்களுக்கே தெரியும்" என்றார்.

உங்களுக்கே தெரியும் என்று சொன்னாரே, அதைப் பிடித்துக்கொண்டுதான் கடைக்குப் போனேன்.

வாங்கி வந்த அன்று சாயங்காலம் வேணியக்கா முன்கூட்டியே வந்து உட்கார்ந்துவிட்டார். செல்லக்கிளி கிட்டாருக்குக் குங்குமம் வைக்கப் போனாள். "அம்மா, அது மேல எதுவும் வைக்கக் கூடாது" என்று கலைமதி கத்த, கிட்டார் வந்த பைக்கு வைத்தாள். நான் கை கால் கழுவி, வேறு சட்டை போட்டுக்கொண்டு, அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன். டிவியை நானே நிறுத்தினேன்.

அவள் ஆரம்பித்தாள். டொம், டொம். பழையது டொக் என்றது, இது டொம் என்றது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ எதையோ இடிப்பதுபோல இருந்தது. சரி, போகப் போக வரும் என்று காத்திருந்தேன். அவள் விரல் கீழே இறங்கியது. சின்னக் கம்பிகள் துடிப்பது கண்ணுக்குத் தெரிகிறது, சத்தம் இல்லை. வேணியக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். செல்லக்கிளி சுவரில் சாய்ந்துவிட்டாள்.

வாசித்து முடித்துவிட்டு, "எப்படிப்பா இருக்கு?" என்றாள்.

"நல்லா இருக்கும்மா" என்றேன். பிறகு மனசு கேட்காமல், "அந்தக் கீழ இருக்க ரெண்டு கம்பி மட்டும் வேலை செய்யலையோ?" என்றேன்.

மூன்று பேரும் சிரித்தார்கள். நான் கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

அதற்கப்புறம் நான்கு நாள் எனக்கு வேறு நினைப்பே இல்லை. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான். கண்ணாடி அறையில் வாசித்தது ஒன்று, பையில் போட்டுக் கொடுத்தது வேறொன்று. பிள்ளைக்கு அது தெரிந்திருக்கிறது. அப்பா அவ்வளவு செலவு பண்ணி வாங்கியதைக் குறை சொல்லக்கூடாது என்று மறைக்கிறாள். ஊமைக் கம்பியை வைத்துக்கொண்டு என் எதிரே சிரித்துச் சிரித்து வாசிக்கிறாள்.

சனிக்கிழமை கலைமதி கல்லூரிக்குப் போனதும் கிட்டாரைத் தூக்கிக்கொண்டேன். கடையில் இலவசமாகச் சோதித்துத் தருகிறார்களாம் என்று செல்லக்கிளியிடம் ஒரு பொய். ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறிச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வேறு பஸ் மாறி அரியமங்கலம் போனேன். கடைக்குப் போய்ச் சண்டை போடுவதற்கு முன்னால் நாலு பேரிடம் காட்டிவிடலாம் என்று பட்டறைக்கே கொண்டுபோனேன்.

எங்கள் பட்டறையில் பாய்லருக்கு வேண்டிய தகடுகளை வெட்டி, வளைத்து, வெல்டு வைத்து, கிரைண்டர் போட்டுத் தேய்த்து அனுப்புவோம். நான் அங்கே ஃபிட்டர், இருபத்தாறு வருஷம் ஆகிறது. மேலே தகரக் கூரை, உள்ளே ஒரே நேரத்தில் ஐந்து கிரைண்டர் ஓடும். தகடு நிமிர்த்த இரண்டு பேர் சம்மட்டி போடுவார்கள். பேச்சு என்பதே அங்கே கையால்தான். இரண்டு விரலை வாயருகே கொண்டுபோனால் டீ. உள்ளங்கையைத் திருப்பினால் தகட்டைப் புரட்டு. பேசித்தான் ஆகவேண்டும் என்றால் ஆளின் காதுக்கு அருகே போய்க் கத்துவோம். காதுக்கு வைக்க ரப்பர் அடைப்பான் கொடுத்தார்கள். அதை வைத்தால் மேலே கிரேன் வருகிற மணி கேட்காது என்று எல்லோரும் கழற்றிப் போட்டுவிட்டோம்.

டீ நேரத்தில் எல்லா மெஷினும் நின்றன. கிட்டாரை மரப்பெட்டி மேல் வைத்தேன். ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். காஜா மைதீன் பாய் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். எனக்கும் மூத்தவர், முப்பது வருஷமாகக் கிரைண்டர் பிடிக்கிறார். எந்தச் சாமானைக் கொடுத்தாலும் முதலில் அதன் குறையைக் கண்டுபிடிப்பவர்.

"தள்ளுங்கடா, காத்து வரட்டும்" என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு கம்பியாகச் சுண்டினார். மேலே இருந்து ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. குனிந்து கேட்டார். நாலாவதைச் சுண்டி முகத்தைச் சுளித்தார். ஐந்தாவதைச் சுண்டினார். ஆறாவதைச் சுண்டினார். மறுபடியும் சுண்டினார்.

"மருதை, உன் தலையில நல்லா மொளகா அரைச்சிருக்கான்யா. மேல உள்ளது பேசுது. கீழ உள்ள ரெண்டும் செத்துப்போச்சு."

"நான் சொல்லல?" என்றேன்.

ஒவ்வொருவராகக் குனிந்து காதை வைத்துக் கேட்டார்கள். "ஆமாண்ணே, சுத்தமா இல்ல." "மூணாவதே கம்மியாத்தான் இருக்கு." "உள்ள மரம் ஓட்டையா இருக்கும், அதான்." "ஓட்டையாத்தான்டா இருக்கும், கிட்டாருன்னா ஓட்டை இருக்கும்." ஒரு ஆள்கூட மாற்றிச் சொல்லவில்லை. எனக்கு நெஞ்சில் பாரம் இறங்கியதுபோல இருந்தது.

கணக்கு எழுதும் பிரேமலதா மேடம் ஆபீஸ் அறைக் கதவைத் திறந்துகொண்டு எட்டிப் பார்த்தார். "யாரு வாசிக்கிறது? நல்லா இருக்கே" என்றார்.

"இதுல ரெண்டு கம்பி பேசல மேடம்" என்று பாய் கத்தினார்.

"எல்லாம் பேசுதே பாய்! நான் கதவச் சாத்திட்டு உள்ள உக்காந்திருக்கேன், எனக்கே கேட்டுச்சு."

"ஏசி ரூம்ல உக்காந்திருக்கவங்களுக்கு எல்லாமே நல்லாத்தான் மேடம் கேக்கும்" என்றார் பாய். எல்லோரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மத்தியானம் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பாயும் என்னோடு கிளம்பினார். "நீ வாயில்லாப் பூச்சி. நான் பேசிக்கிறேன்" என்றார்.

கடையில் நல்ல கூட்டம். ஒரு அம்மா தன் பெண்ணுக்குக் கீபோர்டு பார்த்துக்கொண்டிருந்தார். ஜாஸ்லின் என்னைப் பார்த்ததும் சிரித்து ஏதோ சொன்னாள்.

"என்னம்மா முணுமுணுக்கிற? சத்தமாப் பேசு" என்றார் பாய். கடையே திரும்பிப் பார்த்தது.

"என்ன பிரச்சனைன்னு கேட்டேன் சார்!"

"பிரச்சனையா? இவரு ராத்திரி பகலா இரும்புல வெந்து சம்பாரிச்ச காசும்மா. ரெண்டு கம்பி செத்துப்போன சாமானத் தலையில கட்டிருக்கீங்க. ஓனரக் கூப்புடு."

அந்தப் பெண் முகம் வாடிவிட்டது. ஆனாலும் பதறவில்லை. கிட்டாரை வாங்கி மடியில் வைத்துக் கம்பிகளைச் சுண்டினாள். கீழே உள்ளதைச் சுண்டிவிட்டு எங்களைப் பார்த்தாள்.

"கேக்குதுல்ல சார்?"

"எங்க கேக்குது?" என்றார் பாய்.

மறுபடியும் சுண்டினாள். கொஞ்சம் பலமாகவே சுண்டினாள். கீபோர்டு பார்த்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்த அம்மா பாயிடம், "நல்லா கேக்குதுங்களே" என்றார். அவர் பக்கத்தில் நின்ற பெண்ணும் தலையாட்டினாள். ஜாஸ்லின் சும்மா இருக்கமாட்டாமல் சின்னதாக எதையோ வாசித்துக் காட்டினாள். நான் அவள் விரலைப் பார்க்கவில்லை, சுற்றி நின்றவர்களின் முகத்தைப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அன்றைக்கு நான் பார்த்த அதே முகங்கள்.

"எல்லாரும் இவங்க ஆளுங்கதான்" என்றார் பாய். "கூட்டணி."

ஜாஸ்லின் போனை எடுத்து, சத்தத்தை அளந்து காட்டும் ஏதோ ஒன்றைத் திறந்து கிட்டார் அருகே வைத்தாள். திரையில் ஒரு முள். சுண்டாமல் இருக்கும்போது முள் கீழே கிடந்தது. ஆறாவது கம்பியைச் சுண்டினாள். முள் எழுந்து நடுவில் வந்து நின்றது. பச்சை விளக்கு எரிந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி சுண்டினாள். முள் எழுந்தது.

"போனு எதையாவது காட்டும்" என்றார் பாய்.

நான் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டறையில் குழாய்க்குள் தண்ணீர் ஏற்றிச் சோதிப்போம். வெளியிலிருந்து பார்த்தால் குழாய் சும்மா கிடக்கும். சத்தம் இருக்காது, ஆட்டம் இருக்காது. ஆனால் மீட்டரில் முள் ஏறினால் உள்ளே அழுத்தம் இருக்கிறது. அப்போது குழாய்க்கு நேராக யாரும் நிற்கமாட்டோம். இருபத்தாறு வருஷமாக என் கண்ணைவிட முள்ளைத்தான் நம்பியிருக்கிறேன்.

"இன்னொருதரம் தட்டும்மா" என்றேன்.

தட்டினாள். முள் எழுந்தது.

"பாய், வாங்க போகலாம்."

"என்ன போகலாம்? இன்னும் ஓனரே வரல..."

"வாங்க பாய்."

ஜாஸ்லின் கிட்டாரைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்து என் கையில் கொடுத்தாள். ஏதோ சொன்னாள். எனக்குப் புரியவில்லை. திருப்பிச் சொல்லச் சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை.

வெளியே டீக்கடையில் பாய் டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"எனக்கும்தானே கேக்கல மருதை" என்றார்.

"ஆமா பாய்."

"பட்டறையில ஒருத்தனுக்கும் கேக்கல."

"பிரேமலதா மேடத்துக்குக் கேட்டுச்சே."

அவர் கணக்கு எழுதுபவர், கதவைச் சாத்திக்கொண்டு உட்காருபவர். எங்கள் கிரைண்டர் சத்தம் அந்த அறைக்குள் அவ்வளவாகப் போகாது. பாய் டீயைக் கீழே ஊற்றினார்.

"யாருகிட்டயும் சொல்லாத. காது கேக்காதுன்னு தெரிஞ்சா கிரேன் பக்கம் விடமாட்டான். இந்த வேலையும் போச்சுன்னா நான் எங்க போவேன்?" பிறகு கொஞ்சம் கழித்து, "என் பேத்தி பேசுறது எனக்குப் புரியறதில்லய்யா. பிள்ளைக்கு வாய் இன்னும் திருந்தலன்னு நினைச்சுட்டு இருந்தேன்" என்றார்.

நான் வீட்டுக்குப் போவதற்குள் கலைமதிக்கு விஷயம் போய்விட்டது. பில்லில் அவள் நம்பர்தான் இருந்தது. ஜாஸ்லின் போன் பண்ணி, அப்பாவுக்குக் காதைக் காட்டுங்கள் என்று நல்ல விதமாகத்தான் சொல்லியிருக்கிறாள். கதவு திறந்தே இருந்தது. அம்மாவும் மகளும் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். நான் கிட்டாரைச் சுவரில் சாய்த்து வைத்தேன்.

"இத்தன நாளா நான் வாசிச்சது உங்களுக்குக் கேக்கவே இல்லையாப்பா?"

அவள் சத்தமாகத்தான் கேட்டாள். வீட்டில் இருவரும் என்னிடம் எப்போதும் சத்தமாகத்தான் பேசுகிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வருஷக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

"கேட்டுச்சும்மா. கொஞ்சம் கேட்டுச்சு."

"எவ்வளவு?"

நான் கட்டில் சட்டத்தில் விரலால் தட்டிக் காட்டினேன். டொம், டொம். அவள் எழுந்து சமையல்கட்டுக்குள் போய்விட்டாள்.

பெரியாஸ்பத்திரிக்குச் செல்லக்கிளிதான் கூட்டிக்கொண்டு போனாள். பெட்டிமாதிரி ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கு என்றார்கள். நாலைந்து தடவை அமுக்கினேன், பிறகு காத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் சோதித்த அம்மா கதவைத் திறந்து, "ஏங்க அப்புறம் அமுக்கவே இல்ல?" என்றார். டாக்டர் நல்ல மனுஷர். முகத்துக்கு நேராக நின்று நிறுத்தி நிறுத்திப் பேசினார். உள்ளே இருக்கும் நரம்பு தேய்ந்தால் தேய்ந்ததுதான், திரும்ப வராது. காதுக்கு மெஷின் வைத்தால் பேச்சுப் புரியும், விண்ணப்பம் போடுங்கள், வர நாளாகும்.

"என் பொண்ணு கிட்டார் வாசிக்கும் சார். மெஷின் வச்சா அது கேக்குமா?" என்று கேட்டேன்.

டாக்டர் யோசித்தார். "சத்தமாக் கேக்கும். பாட்டாக் கேக்குமான்னு நான் உறுதி சொல்ல முடியாதுங்க" என்றார்.

அன்றிலிருந்து கலைமதி அடிக்க ஆரம்பித்தாள். வாசித்தாள் என்று சொல்ல முடியாது. வலது கையை ஓங்கி ஓங்கி அந்தக் கம்பிகளை அடித்தாள். "இப்ப கேக்குதாப்பா?" என்பாள். கேட்டது. தகரத்தில் கல் விழுவதுபோல ஏதோ கேட்டது. கேட்கிறது என்று தலையாட்டினால் இன்னும் ஓங்கி அடித்தாள். இல்லை என்று சொன்னாலும் ஓங்கித்தான் அடித்தாள். எனக்கு எப்படித் தலையாட்டுவது என்று தெரியவில்லை. ஒரு கம்பி அறுந்து அவள் புறங்கையைக் கீறியது. வேணியக்கா வாசலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். செல்லக்கிளி மட்டும் நறுக்குவதை நிறுத்தாமல் நறுக்கிக்கொண்டே இருந்தாள்.

பத்து நாள் கழித்து ரெஜிஸ் மாஸ்டர் என்னைத் தேடி அரியமங்கலத்துக்கே வந்துவிட்டார். பட்டறை வாசலில் நின்று, என் காதருகே குனிந்து பேசினார்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. அந்தப் பிள்ளைக்குக் கைதான் சொத்து. என்கிட்ட அம்பது பேர் படிக்கிறாங்க. அவ்வளவு மெதுவா ஒரு கம்பியத் தொடுற கை வேற யாருக்கும் இல்ல. இப்ப கல்லு உடைக்கிற மாதிரி அடிக்குது. கேட்டா அழுவுது. இன்னும் மூணு வாரத்துல என்கிட்ட படிக்கிறவங்க வாசிக்கிற நிகழ்ச்சி இருக்கு. கை கெட்டுப்போச்சுன்னா திருப்புறது கஷ்டம்ண்ணே."

கை கெட்டுப்போவது எனக்குத் தெரியாதா. கிரைண்டர் பிடித்த கை பிறகு டம்ளரைக்கூட ஆடாமல் பிடிக்காது.

அன்று சாயங்காலம் அவளிடம் சொன்னேன். "எனக்காக வாசிக்காதம்மா."

"அப்புறம் யாருக்காக வாசிக்கணும்?"

"கேக்குறவங்களுக்கு வாசி."

"அப்படின்னா எதுக்கு வாங்கிக் கொடுத்தீங்க?" என்றாள். அதற்கான பதிலைத்தான் நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். அவளுக்கு அது தெரிந்திருந்தது.

நிகழ்ச்சியன்று மட்டும் மாஸ்டர் சொன்னபடி மெதுவாக வாசிப்பதாக என் கையில் அடித்துச் சத்தியம் பண்ணினாள். வீட்டில் அவள் பழகும்போது நான் வெளியே கிளம்பிவிடுவேன். எங்கேயும் போகமாட்டேன், தெருமுனை வரைக்கும்தான். வேணியக்கா மறுபடி வாசலுக்கு வர ஆரம்பித்துவிட்டார் என்று தூரத்திலிருந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் ஒரு சின்னக் கல்யாண மண்டபம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. மாஸ்டரிடம் படிப்பவர்களின் அப்பா அம்மாக்கள் நூறு பேர் இருப்பார்கள். நானும் செல்லக்கிளியும் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தோம். பக்கவாட்டிலே உட்காரலாம் என்றேன். "பிள்ளை தேடும்" என்று செல்லக்கிளிதான் இழுத்துக்கொண்டு வந்தாள்.

கலைமதி ஐந்தாவதாக வந்தாள். மைக்கைக் கிட்டாருக்கு நேராக வைத்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். வாசிக்க ஆரம்பித்தாள்.

சத்தியத்தைக் காப்பாற்றினாள். விரல்கள் கம்பியின் மேல் படுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை, அவ்வளவு மெதுவாக இருந்தது. என் காதில் எதுவுமே விழவில்லை. எப்போதாவது ஒரு டொம். மற்றபடி மின்விசிறியின் இரைச்சலும் என் காதுக்குள் எப்போதும் ஓடும் இரைச்சலும்தான். நான் சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தேன். முன்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணை மூடியிருந்தார். மாஸ்டர் மேடை ஓரத்தில் கைகட்டி நின்றார், உதடு லேசாகத் திறந்திருந்தது. பெருமையாக இருந்தது. வயிறு எரிந்தது என்றும் சொல்லவேண்டும்.

அவள் கை நின்றது. விரல்களைக் கம்பியிலிருந்து எடுத்துக் காற்றில் வைத்திருந்தாள். யாரும் அசையவில்லை. முடிந்துவிட்டது, எல்லோரும் மயங்கிப்போய்க் கைதட்ட மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். என் பிள்ளைக்கு நான் முதலில் தட்டவேண்டும் என்று நினைத்தேன். கையை ஓங்கித் தட்டினேன். இரும்படித்த கை, பலமாகத்தான் தட்டியிருக்கும். இரண்டு தடவை, மூன்று தடவை.

நான் ஒருவன்தான் தட்டினேன். நூறு தலை திரும்பியது. முன்வரிசைப் பெரியவர் கண்ணைத் திறந்து, என்னை மேலும் கீழும் பார்த்தார். பாட்டு முடியவில்லை. நடுவில் அப்படி நிறுத்துகிற ஒரு இடம் இருந்திருக்கிறது.

கலைமதி கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். பட்டறையில் நிறுத்து என்பதற்குக் காட்டுவதுபோல இரண்டு கையையும் குறுக்கே வைத்துக் காட்டினேன். அவளுக்குப் பட்டறைச் சைகை தெரியாது. இன்னும் சத்தமாக வேண்டும் என்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

கையை ஓங்கி அடித்தாள். எனக்குக் கேட்டது. மறுபடி அடித்தாள், அதுவும் கேட்டது. மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். முன்வரிசையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை, என்னை மட்டும் பார்த்துக்கொண்டு அடித்தாள்.

செல்லக்கிளி என் இரண்டு கையையும் பிடித்துத் தன் மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவள் பிடி இறுக்கமாக இருந்தது. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் விட்டுவிடுவாள், அப்போது தட்டலாம் என்று அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.